லைன் திறக்கும் முறை: மதுரையிலிருந்து ஐரோப்பாவுக்கு விற்பனைக் குழு கட்டிய இரண்டு முயற்சிகள்

2021 ஜூலையில் எங்கள் நிறுவனத்துக்கு ஐரோப்பாவில் மூன்று விற்பனைப் பிரதிநிதிகள் இருந்தார்கள். லண்டனில் ஒருவர், ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில் ஒருவர், பிரான்சின் லியோனில் ஒருவர். அடுத்த ஆண்டு ஜூன் வந்தபோது ஒருவரும் இல்லை. லண்டன்காரர் இரண்டு சின்ன ஆர்டர்கள் வாங்கித் தந்துவிட்டுப் போனார். மற்ற இருவரும் ஒன்றுகூட முடிக்கவில்லை. அந்த மூவருக்கும் நாங்கள் செலவழித்த பணத்தில் மதுரை அலுவலகத்தில் இருபது பேருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு மறுபடியும் முயன்றோம். இந்த முறை வேலை நடந்தது, நடந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். விற்பனைப் பிரிவை ஒருங்கிணைப்பது என் வேலை. முதல் முறை நடந்த தவறுகளில் பாதிக்கு மேல் என் மேஜையில் நடந்தவை. நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். நடந்ததில் எதையும் விடவில்லை.

மில்லில் பிறந்த மென்பொருள்

நாங்கள் செய்வது தொழிற்சாலை இயந்திரங்களின் பராமரிப்புக்கான மென்பொருள். எந்த மெஷின் எப்போது நின்றது, எந்த ஃபிட்டர் பார்த்தார், என்ன பாகம் மாற்றினார், அடுத்து எப்போது எண்ணெய் போட வேண்டும் என்பதெல்லாம் ஒரு செல்போன் திரையில் தெரியும். ராஜபாளையம், திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து நூற்பு மில்களில்தான் இது உருவானது. மெஷின்மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை ஃபிட்டர் ஸ்கேன் செய்வார். வேலை முடிந்ததும் இன்னொரு முறை ஸ்கேன் செய்து மூடுவார். "மேஸ்திரியோட நோட்டைத்தான் நாம சாஃப்ட்வேர் ஆக்கியிருக்கோம்" என்பார் எங்கள் நிறுவனர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்து மில்களில் ஜெர்மன் கார்டிங் மெஷின்களும் சுவிஸ் நூற்பு மெஷின்களும் புதிதல்ல. மோன்ஷென்கிளாட்பாக், வின்டர்தூர் என்ற ஊர்ப் பெயர்களை எங்கள் பையன்கள் மெஷின் பலகையில் படித்தே வளர்ந்தவர்கள். அந்த மெஷினைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரியும்போது, அது பிறந்த நாட்டிலேயே போய் விற்றால் என்ன என்ற எண்ணம் இயல்பாக வந்தது. ஏற்கெனவே இங்கிலாந்தில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இரண்டுமே பழக்கத்தில் வந்தவை. அதை வைத்து, ஐரோப்பா நமக்குத் திறந்துவிட்டது என்று முடிவு செய்தோம். 2020 டிசம்பர் 31-உடன் இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளிலிருந்து முழுதாக வெளியேறியிருந்தது. நாங்கள் ஐரோப்பா என்று நினைத்த இடம் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இல்லை. மிச்சமிருந்தவை 27 நாடுகள், 24 ஆட்சி மொழிகள்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் முப்பது வருடம் லைன் பார்த்தவர், அதாவது ஊர் ஊராகப் போய்க் கடைகளில் ஆர்டர் எடுத்தவர். உசிலம்பட்டி, பேரையூர், தே.கல்லுப்பட்டி அவருடைய லைன். புது ஊரில் லைன் திறப்பதென்றால் அவருடைய முதலாளி ஒரு முறை வைத்திருந்தார். முதலில் முதலாளியே பஸ் ஏறிப் போய்க் கடை கடையாக உட்கார்ந்து வருவார். எந்த ஊரில் எத்தனை நாள் பாக்கி நிற்கும், எந்த ஊரில் சந்தை என்றைக்கு, யார் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று பார்ப்பார். அப்புறம் லாரி போகுமா, திரும்பி வரும்போது காலியாக வருமா என்று கணக்குப் போடுவார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அப்பாவிடம் பில் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவார். ஆள் போவது கடைசி வேலை. நாங்கள் அதையே முதல் வேலையாகச் செய்தோம்.

முதல் சுற்று

2021 மார்ச்சில் ஆள் எடுக்க ஆரம்பித்தோம். டுசெல்டார்ஃபில் கிடைத்தவர் பதினைந்து வருட அனுபவம் உள்ள பெண்மணி. தொழிற்சாலை மென்பொருள் விற்றே பழகியவர். அவர் பழைய வேலையை விட்டு வருவதற்குக் காலாண்டு முடிவு வரை மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அனுபவமுள்ள ஆட்களுக்கு ஜெர்மனியில் அது சாதாரண நோட்டீஸ் காலம். நாங்கள் அதைத் தாமதமாகப் பார்த்தோம். அந்த மூன்று மாதத்தையாவது அவருக்குத் தேவையானதைத் தயார் செய்யப் பயன்படுத்தியிருக்கலாம். அப்படி ஒரு எண்ணமே வரவில்லை.

மூவரையும் ஊழியர்களாக எடுக்கவில்லை. மாதா மாதம் பில் கொடுக்கும் ஆலோசகர்களாக வைத்தோம். அங்கே கம்பெனி பதிய வேண்டாம், காப்பீடு கட்ட வேண்டாம், சுலபம் என்று தோன்றியது. ஒரே ஒரு நிறுவனத்துக்கு முழுநேரமும் வேலை பார்த்து, அந்த நிறுவனம் சொன்னபடியெல்லாம் செய்யும் ஆளை ஜெர்மன் சட்டம் சுயதொழில் செய்பவராக ஏற்காது. போலிச் சுயதொழில் என்று கண்டுபிடித்தால், கட்டாமல் விட்ட சமூகக் காப்பீட்டுப் பணத்தை வேலை கொடுத்தவரிடம்தான் கேட்பார்கள். இதை எங்களிடம் முதலில் சொன்னது அந்தப் பெண்மணியே. வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரத்தில், தனக்கே பாதகமாக முடியலாம் என்று தெரிந்தும் சொன்னார்.

இன்னொரு சிக்கல் அண்ணா நகரில் இருக்கும் எங்கள் ஆடிட்டர் எச்சரித்ததால் வந்தது. ஒப்பந்தம் முடிக்கும் வேலையை வழக்கமாக அங்கே இருக்கும் ஒருவரே செய்தால், நமக்கு அந்த நாட்டில் நிலையான தொழிலிடம் இருப்பதாக அந்த ஊர் வரித் துறை கருதலாம். அப்புறம் லாபத்தில் ஒரு பங்குக்கு அங்கேயும் வரி கட்ட வேண்டும். அவர் சொன்னது சரி. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த தீர்வுதான் தவறு. எல்லா அதிகாரத்தையும் மதுரையிலேயே வைத்துக்கொண்டோம். ஐந்து சதவீதம் தள்ளுபடி தரலாமா என்றால்கூட இங்கே கேட்க வேண்டும். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து கேட்கிற கேள்விக்கு, "மதுரையில் கேட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரே பதிலை மூன்று பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பில் புத்தகம் இல்லாமல் லைனுக்குப் போனவர் நிலைமை அது.

டெமோவின் முதல் திரை

ஜெர்மனியில் நாங்கள் இழந்த ஒரு ஆர்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் சுற்றின் நோய் முழுவதும் அதில் இருக்கிறது.

வாடிக்கையாளர் ஒரு குடும்ப நிறுவனம். வால்வு செய்கிற தொழிற்சாலை, முந்நூறு பேர் வேலை பார்க்கிறார்கள். ஜெர்மனியில் மிட்டல்ஸ்டாண்ட் என்று சொல்லப்படும் நடுத்தர நிறுவனங்களில் ஒன்று. எங்கள் பிரதிநிதி நான்கு மாதம் பேசி, பராமரிப்புத் தலைவரையும் முதலாளியையும் டெமோவுக்கு உட்கார வைத்தார். மதுரையிலிருந்து நாங்கள் திரையைக் காட்டினோம்.

எங்கள் டெமோவின் முதல் திரை எப்போதும் ஒன்றுதான். எந்த ஃபிட்டர் எந்த வேலையை எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்ற வரிசைப் பட்டியல். ராஜபாளையத்தில் அந்தத் திரையைக் காட்டினால் மில் முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். பாதி ஆர்டர் அங்கேயே முடிந்துவிடும். அந்த ஜெர்மன் முதலாளியும் ஆர்வமாகத்தான் பார்த்தார். பராமரிப்புத் தலைவர் மட்டும் கேட்டார்: "இதை எங்கள் பெட்ரீப்ஸ்ராட் பார்த்தார்களா?"

பெட்ரீப்ஸ்ராட் என்பது ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் குழு. நம் ஊர்த் தொழிற்சங்கம் போல என்று நாங்கள் நினைத்தோம். அது வேறு. ஐந்து பேர் நிரந்தரமாக வேலை பார்க்கிற இடத்திலேயே தொழிலாளர்கள் அப்படி ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87-ஆவது பிரிவு, ஊழியர்களின் நடத்தையையோ வேலைத் திறனையோ கண்காணிக்கும் எந்தத் தொழில்நுட்பக் கருவியையும் அந்தக் குழுவின் சம்மதம் இல்லாமல் முதலாளி கொண்டுவர முடியாது என்கிறது. கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் முதலாளிக்கு இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. கண்காணிக்க முடிகிற கருவியாக இருந்தாலே போதும் என்றுதான் அங்கே நீதிமன்றங்கள் அந்தப் பிரிவைப் பொருள் கொண்டிருக்கின்றன.

எங்கள் முதல் திரையே அதுதானே.

குழு ஒன்பது கேள்விகள் அனுப்பியது. ஒருவருடைய பெயர் எத்தனை நாள் சேமிக்கப்படும், யார் பார்க்கலாம், பெயர் இல்லாமல் இயக்க முடியுமா என்று. எங்கள் பிரதிநிதி அதை அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார். இங்கே அந்தக் கேள்விகளைப் படித்துப் பதில் எழுத என்று ஒரு ஆள் இல்லை. புரோகிராமர்கள் அடுத்த மில்லின் வேலையில் இருந்தார்கள். "இவங்க வாங்குறதுக்கு முன்னாலேயே இத்தனை கேள்வி கேட்கிறாங்களே, வாங்கின பிறகு எப்படி இருப்பாங்க?" என்று நானே ஒரு கூட்டத்தில் சொன்னேன். ஆறு வாரம் கழித்து அரைகுறையாக ஒரு பதில் போனது. அதற்குள் அவர்கள் வேறு நிறுவனத்திடம் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அநியாயமானது இல்லை. இப்போது யோசிக்கும்போது என்னை உறுத்துவது வேறொன்று. எங்கள் மில்களில் அந்தத் திரையில் பெயர் வந்த ஃபிட்டர்களிடம் நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்பின்டில் மாற்ற ஒருவர் இருபது நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால், அவர் சோம்பேறியா அல்லது மெஷினின் வேறொரு கோளாறையும் சேர்த்துப் பார்த்தாரா என்று அந்தப் பட்டியலுக்குத் தெரியாது.

மற்ற அடைப்புகள்

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே பட்டியல் வாங்கி, மதுரையிலிருந்து ஜெர்மன் நிறுவனங்களுக்கு மொத்தமாக விளம்பர மின்னஞ்சல் அனுப்பினோம். நியாயமற்ற போட்டிக்கு எதிரான அந்த ஊர்ச் சட்டத்தின்படி, முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் வாங்காமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்பக் கூடாது. நிறுவனங்களுக்கு அனுப்பினாலும் இதே விதிதான். ஒரு வக்கீலிடமிருந்து கண்டன நோட்டீஸ் வந்தது, செலவுத் தொகையோடு. கட்டினோம். அதோடு, அந்த மின்னஞ்சல்களில் எல்லோரையும் முதற்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தோம். ஜெர்மனில் நீ, நீங்கள் வேறுபாடு தமிழைப் போலவே இருக்கிறது. உசிலம்பட்டியில் ஐம்பது வயதுக் கடைக்காரரை அண்ணாச்சி என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் அப்பாவுக்கு அந்தக் கடையில் தண்ணீர்கூடக் கிடைத்திருக்காது. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மரியாதையை, ஆங்கிலத்தில் எழுதுகிறோம் என்பதால் மறந்துவிட்டோம்.

சர்வர் மும்பையில் இருந்தது. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் இந்தியாவுக்குப் போதுமான பாதுகாப்புள்ள நாடு என்ற அங்கீகாரத்தை ஐரோப்பிய ஆணையம் கொடுத்ததில்லை. அதனால் 2021 ஜூன் 4-இல் ஆணையம் வெளியிட்ட மாதிரி ஒப்பந்த விதிகளை வைத்துத் தனியாக ஒப்பந்தம் போட வேண்டும், இந்தியாவில் அந்தத் தரவுக்கு என்ன ஆபத்து என்று மதிப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு பக்கத் தனியுரிமைக் கொள்கை.

லியோனில் பிரச்சினை மொழி. ஊழியர் வேலை செய்யத் தேவையான ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்பது அங்கே தொழிலாளர் சட்டத்தில் உள்ளது. 2006-இல் வெர்சாய் மேல்முறையீட்டு நீதிமன்றம், மென்பொருளையும் கையேடுகளையும் ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்த ஒரு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எங்கள் பிரதிநிதி முதல் வாரத்திலிருந்தே பிரெஞ்சுத் திரை கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் என்று சொல்லிச் சொல்லி ஆகஸ்ட் வந்தது. ஆகஸ்டில் பிரான்சில் யாரும் போனை எடுப்பதில்லை. அவர் செப்டம்பரில் மறுபடி கேட்டார், பிப்ரவரியில் போய்விட்டார்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் மறக்க முடியாதது. மார்ச் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். 2022-இல் அதற்கு மறுநாள் ஒரு முக்கியமான டெமோ. அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரண்டரை என்ற பழைய கணக்கில் எங்கள் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். அன்று முதல் அது ஒன்றரை. எதிர்ப்பக்கம் ஐந்து பேர் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டுக் கலைந்தார்கள்.

அந்தப் பெண்மணியின் கடைசிக் கடிதம்

டுசெல்டார்ஃப் பிரதிநிதி 2022 ஜூனில் விலகினார். போகும்போது அண்ணனுக்கு நான்கு பக்கம் எழுதினார். கோபமாக ஒரு வரி இல்லை. தன்னிடம் கேட்கப்பட்டு, தன்னால் பதில் சொல்ல முடியாமல்போன கேள்விகளை வரிசையாக எழுதியிருந்தார். மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த வாடிக்கையாளர், எந்தத் தேதி, மதுரைக்கு என்றைக்கு அனுப்பினேன் என்று குறித்திருந்தார்.

அண்ணன் அதை அச்செடுத்து மேஜையில் வைத்தார். ஒரு மாலை நேரம், நாங்கள் ஆறு பேர். அதுவரை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தது ஆள் சரியில்லை, அடுத்து நல்ல ஆளாகப் பார்க்க வேண்டும் என்பதுதான். நாற்பத்தொரு கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் படித்து, இதற்குப் பதில் சொல்ல வேண்டியது யார் என்று கேட்டார். டுசெல்டார்ஃபில் இருக்கிற ஆள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று எங்களால் நான்கைத்தான் காட்ட முடிந்தது. மீதி எல்லாம் இங்கே மதுரையில் யாரோ ஒருவருடைய வேலை.

"தம்பி, உங்க அப்பா முதலாளி லாரி இல்லாம லைன் தொறப்பாரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என் அப்பா கதை அவருக்குத் தெரியும். நான்தான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொன்னவனே அதைச் செய்யவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்கு வலித்தது.

இரண்டாம் சுற்று

ஒரே நாடு, ஜெர்மனி. புது ஆள் ஒருவரும் எடுப்பதில்லை, அந்த நாற்பத்தொரு கேள்விகளுக்கும் பதில் தயாராகும் வரை. இவைதான் முடிவுகள். லண்டனை என்ன செய்வது என்று கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. அங்கே ஆங்கிலம் போதும், மதுரையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அது சரியாகவே போகிறது.

முதல் வேலை அந்தத் திரை. ஃபிட்டர் பெயருக்குப் பதில் குழுவின் பெயர் வரும்படி மாற்றினோம். யார் செய்தார் என்பது பாதுகாப்புக் காரணத்துக்காகத் தேவைப்பட்டால் மட்டும், முதலாளி தரப்பில் ஒருவரும் பெட்ரீப்ஸ்ராட் தரப்பில் ஒருவரும் சேர்ந்துதான் திறக்க முடியும். பெட்ரீப்ஸ்ராட்டுக்கென்றே ஜெர்மனில் பன்னிரண்டு பக்க விளக்கம் எழுதினோம். இப்போது டெமோவுக்கு முன்னாலேயே அதைக் கொடுத்துவிடுகிறோம். முன்பு பராமரிப்புத் தலைவரின் தலைவலியாக இருந்த விஷயம் அது. இன்று அவர் எங்களை மற்ற நிறுவனங்களுக்கு முன்னால் வைப்பதற்கு அதுவே காரணமாக இருக்கிறது. நான் எதிர்பார்க்காதது ஒன்றும் நடந்தது. திண்டுக்கல் பக்கத்து மில் ஒன்று அதே அமைப்பைக் கேட்டு வாங்கியது. பெயர் வராது என்று தெரிந்த பிறகு ஃபிட்டர்கள் சின்னச் சின்னக் கோளாறுகளையும் பதிய ஆரம்பித்தார்கள் என்று அங்கே மேலாளர் சொன்னார்.

ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் தரவை ஃபிராங்க்ஃபர்ட் சர்வருக்கு மாற்றினோம். அதோடு முடிந்தது என்று நினைத்தோம், முடியவில்லை. சர்வர் அங்கே இருந்தாலும், மதுரையில் உட்கார்ந்து ஒருவர் அந்தத் தரவைத் திரையில் பார்த்தாலே அது வெளிநாட்டுப் பரிமாற்றம்தான். எனவே யார், எதை, எப்போது பார்க்கலாம் என்று சப்போர்ட் குழுவுக்குத் தனி விதி எழுத வேண்டியிருந்தது. ஐஎஸ்ஓ 27001 என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழுக்கான வேலை மட்டும் பத்து மாதம் இழுத்தது. விற்பனையில் இருக்கிறவனுக்கு அந்தப் பத்து மாதம் பெரிய சோதனை. ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர், ஒரு ஆளை மட்டும் எடுத்துப் பார்ப்போமே என்பார்கள். அண்ணன் அசையவில்லை.

அவர் தானே போனார். 2023 ஏப்ரலில் ஹனோவர் மெஸ்ஸே என்ற ஜெர்மன் தொழில்துறைக் கண்காட்சி, ஜூனில் மிலானில் நடந்த இட்மா. இட்மா நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஜவுளி இயந்திரக் கண்காட்சி. இங்கே மில் வைத்திருப்பவர்கள் பலர் அங்கே போவார்கள். எங்கள் ராஜபாளையம் வாடிக்கையாளர் ஒருவரும் வந்திருந்தார். ஒரு ஜெர்மன் நிறுவனத்தாரிடம் அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போது இவர் பக்கத்தில் நின்று, ஆறு வருடமாக இதைத்தான் ஓட்டுகிறேன் என்று தன் செல்போனைத் திறந்து காட்டினார். எங்களுடைய எந்த விளம்பரமும் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடாகவில்லை. கண்காட்சிக்கு முன்னும் பின்னும் அண்ணன் டுசெல்டார்ஃப், ஸ்டுட்கார்ட் பக்கத்துத் தொழிற்சாலைகளைச் சுற்றினார். ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அதற்குள் மூன்று முறை போய் வந்தார். முதல் ஜெர்மன் ஆர்டரை முடித்தவர் அவர்தான், பிரதிநிதி யாரும் இல்லாமல். தொழிற்சாலை எழுபது பேர் வேலை பார்க்கிற சின்ன இடம். ஆனால் ஜெர்மனியில் எங்களுக்கு நிஜமான ஒரு விலை, நிஜமான ஒரு ஒப்பந்தம், எத்தனை மாதம் ஆகும் என்ற நிஜமான ஒரு கணக்கு அப்போதுதான் கைக்கு வந்தது. ஒன்பது மாதம்.

மதியம் பன்னிரண்டு மணி ஷிஃப்ட்

இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மதுரையில் நடந்தது. ஜெர்மன் பேசுகிற ஒரு குழுவை இங்கேயே கட்டினோம்.

நர்ஸிங் முடித்த பிள்ளைகள் ஜெர்மனி போவதற்காக ஜெர்மன் படிப்பது இப்போது நம் பக்கம் சாதாரணம். அப்படிப்பட்ட வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரைத்தான் முதலில் எடுத்தோம். மில் தெரியாது, மென்பொருள் தெரியாது. மூன்று வாரம் வாடிப்பட்டி பக்கத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர்களோடு நிற்க வைத்தோம். மேஸ்திரி பயன்படுத்துகிற ஒவ்வொரு சொல்லுக்கும் ஜெர்மன் சொல் கண்டுபிடித்துத் தானே ஒரு நோட்டுப் போட்டார். டீச்சர் நோட்டு என்று அதற்குப் பெயர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இன்றும் முதல் பாடப் புத்தகம் அதுதான். அவருடைய மாணவிகளில் இருவர், வெளிநாடு போக வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டதால் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

ஷிஃப்ட் மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு ஒன்பது வரை. கோடையில் அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பன்னிரண்டரை. குளிர்காலத்தில் ஒன்றரை, அப்போது ஷிஃப்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். இரவு திருமங்கலம், மேலூர் வரை போகிற பெண்களுக்குக் கேப் ஏற்பாடு செய்வது எழுத்தில் ஒரு வரி. நடைமுறையில் அது சரியாக அமையும் வரை ஒருவரையும் முழு ஷிஃப்டில் போடவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் எந்தக் கேபும் எங்கேயும் போக முடியாது. அன்றைக்கு மட்டும் வீட்டிலிருந்து வேலை.

விளம்பர மின்னஞ்சல் கிடையாது. கண்காட்சியில் அட்டை கொடுத்தவர்கள், இணையதளத்தில் தாமாகக் கேட்டவர்கள், பழைய வாடிக்கையாளர் சொல்லிவிட்டவர்கள், இவர்களோடு மட்டும் பேசுகிறார்கள். பாதுகாப்புக் கேள்வித்தாள் வந்தால் இரண்டு வேலை நாளில் பதில் போக வேண்டும் என்பது விதி. அதற்கென்று ஒரு ஆள் இருக்கிறார். முதல் சுற்றில் இல்லாமல்போன அந்த ஒரு ஆள்.

ஆள் போன பிறகு

2024 தொடக்கத்தில்தான் ஜெர்மனியில் ஒருவரை எடுத்தோம். எங்கே தேடுவது என்று யோசித்தபோது, முன்பு விலகிய பெண்மணிக்கே அண்ணன் எழுதினார். நாற்பத்தொரு கேள்விகளின் பக்கத்திலும் பதில் எழுதி, அந்தத் தாளை அனுப்பினார். அவர் வேறு நல்ல வேலையில் இருந்தார், திரும்பி வரவில்லை. தன்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவரை அனுப்பி வைத்தார்.

அவரை ஆலோசகராக வைக்கவில்லை. ஆரம்பத்தில், நமக்காக ஆளைத் தன் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொள்ளும் ஒரு ஜெர்மன் நிறுவனம் வழியாக எடுத்தோம். ஆள் இரவல் கொடுப்பதற்கு அங்கே 18 மாத உச்சவரம்பு இருக்கிறது. அதற்குள் சொந்த நிறுவனம் பதிவு செய்தோம். ஜி.எம்.பி.ஹெச். என்ற அந்த ஊர்த் தனியார் நிறுவனத்துக்குக் குறைந்தபட்ச மூலதனம் 25,000 யூரோ, பதிவுக்கு முன் அதில் பாதியாவது கட்டியாக வேண்டும், நோட்டரி முன்னால்தான் எல்லாம் நடக்கும். இங்கேயிருந்து பணம் அனுப்புவது 2022-ஆம் ஆண்டு வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி வங்கி வழியாக. ஆடிட்டர் முன்பு சொன்ன நிலையான தொழிலிடம் பற்றிய பயம் இதோடு தீர்ந்தது. அங்கே நமக்கு முறையான நிறுவனம் இருக்கிறது, அது கையெழுத்துப் போடுகிறது, அது வரி கட்டுகிறது. இப்போது பத்து சதவீதம் வரை தள்ளுபடியை அவரே முடிவு செய்யலாம். பில் புத்தகம் அவர் கையில்.

டார்கெட்டையும் மாற்றினோம். முன்பு பாதி நிலையான சம்பளம், பாதி கமிஷன், முதல் மாதத்திலிருந்தே டார்கெட். ஒன்பது மாதம் ஆகிற விற்பனையில் அப்படி வைத்தால் முதல் வருடம் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார் என்று சொல்வதாகிவிடும். லியோன்காரர் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது முதல் ஒன்பது மாதத்துக்குக் கமிஷன் பகுதியில் பெரும்பங்கை உத்தரவாதமாகத் தருகிறோம். நம் கணக்கு வருடம் மார்ச்சில் முடிகிறது, அவர்கள் பட்ஜெட் டிசம்பரில். அவருடைய டார்கெட்டை டிசம்பர் கணக்குக்கே மாற்றினோம். மார்ச்சில் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று நான் அவரை நெருக்குவதில்லை. கணக்குப் பிரிவுக்கு இது இன்னும் சிரமமாகத்தான் இருக்கிறது, அதை நான்தான் சமாளிக்கிறேன்.

இந்த எழுத்து எழுதும்போது ஜெர்மன் மொழி பேசுகிற பகுதிகளில் எங்களுக்குப் பதினான்கு வாடிக்கையாளர்கள். அதில் இருவர் ஆஸ்திரியா, ஒருவர் சுவிட்சர்லாந்து. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, தரவுச் சட்டம் தனி, நாணயம் தனி. ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக ஒப்பந்தத்தைத் திருத்தியது லாபமா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஜெர்மனியில் இரண்டாவது பிரதிநிதி போன மாதம் சேர்ந்தார். மதுரையில் ஜெர்மன் குழு ஏழு பேர்.

பிரான்ஸைப் பற்றிப் போன வாரம் பேச்சு வந்தது. பிரெஞ்சுத் திரை தயாராகிவிட்டது, கையேடு மொழிபெயர்ப்பில் இருக்கிறது. உடனே ஒரு ஆளை எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் செப்டம்பருக்கு லியோன் டிக்கெட் விலை பார்க்கச் சொன்னார். ஒரு டிக்கெட்.